சில்வர் பாம், எஸ்.பி. 41

பேரீச்சை என்றுதான் பொருள்.
தமிழில் எழுதினால் வெடித்துவிடும்;
ஊருக்குக் கட்டிய அட்டைப்பெட்டி எதிலும்
அந்தப் பெயரை நான் எழுதியதில்லை.

மனாமாவில், காய்கறிச் சந்தைக்குப் பின்னால்
மீர்ச்சந்தானியின் சோப்புத்தூள் கிடங்கில்
கம்பெனி பிறந்தது. கேசட் விலை ஐந்நூறு ஃபில்ஸ்.
பாட்டுக்கடை எதுவும் எங்களைச் சேர்த்துக்கொள்ளாததால்
சூப்பர் மார்க்கெட்டில்
ஷேவிங் பிளேடுக்கும் டார்ச் பேட்டரிக்கும் நடுவே
சுழலும் கம்பியில் தொங்கினோம்.
இரண்டு பெட்டி சோப்புத்தூளுக்கு ஒரு ஜாஸ் இலவசம்.

ஜாஸ் என்றால் என்ன என்று
முதலாளி ஒருதரம் கேட்டார்.
பாடுகிறவர் இல்லாத பாட்டு என்றேன்.
அப்படியானால் ஒரு சம்பளம் மிச்சம் என்றார்.

என் வேலை பில் போடுவது.
பிறகு, பெயர் போடுவதும்.

ஹோட்டல் பார் மூடியதும்
ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் வருவார்கள்.
மட்காவ் அன்செல்மோ, சாக்ஸ்.
செபூ ரோமியோ, பியானோ
(கிடங்கில் பியானோ ஏது, கக்கத்தில் இடுக்கி வரும் கீபோர்டு).
கொழும்பு டெரிக், பேஸ்.
பொன்மலை ரயில்வே காலனி சவரிராஜ், டிரம்ஸ்.
ஏசியை அணைத்தால்தான் பதிவு,
ஆகஸ்டிலும்.
எதிரொலி போக, சோப்புத்தூளையே சுவராக அடுக்கினோம்.
எஸ்.பி. 7, இரண்டாம் பக்கம்:
அன்செல்மோவின் தும்மல் இன்னும் இருக்கும்.

காலையில் டைப்ரைட்டரில்
அவர்களை அமெரிக்கர்கள் ஆக்குவேன்.
ஃப்ராங்கி ஓல்டன் நால்வர் குழு, சிகாகோ.
அடுத்த மாதம் அதே நாலு பேர்
டெட் ஹார்லோ குழு, நியூ ஆர்லியன்ஸ்.
எட்டு வருஷத்தில் சவரிராஜுக்கு மட்டும் பதினோரு பெயர்.
பாஸ்போர்ட் முதலாளியிடம்,
பேரு உங்ககிட்ட,
நான் எங்கங்க இருக்கேன் என்பான்.
நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசை.
சிரித்தேன்.

கடல்பாலம் திறந்த பிறகு
வியாழன் மாலைகளில் சவுதி வண்டிகள்.
ஒரு வாரக் கடைசியில் நாலாயிரம் போயிற்று.
முதலாளி ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்.
நாலும் நாலு நேரம் காட்டின.
நம்ம பேண்டுக்கு ஏற்ற கடிகாரம்தான் என்றான் டெரிக்.

எஸ்.பி. 41 என் தப்பு.
தப்பு என்றுதான் முதலாளியிடம் சொன்னேன்.
அன்செல்மோ ஃபுர்ட்டாடோ
ரோமியோ பனாய்
டெரிக் வான்டோர்ட்
எஸ். சவரிராஜ், பொன்மலை
என்று உறையில் அடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.
இரண்டாயிரம் பிரதி.
பன்னிரண்டு விற்றது.
அதில் நாலு, முழு விலை கொடுத்து
அவர்களே வாங்கியது.
இந்தப் பெயர்களிடம் யாராவது ஜாஸ் வாங்குவார்களா அம்மா
என்றார் முதலாளி.
கோபம்கூட இல்லை அவருக்கு.

பிறகு குவைத்துக்குள் டாங்கிகள் புகுந்தன.
ஹோட்டல் முழுக்க நிருபர்கள்;
டிவி இருக்க, பேண்ட் எதற்கு.
ரோமியோ முதல் விமானத்தில் போனான்.
சவரிராஜ் போன அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை.

மிஞ்சிய கேசட்டை வீணாக்குகிற ஆளா முதலாளி.
அழித்து, மேலே பதிந்தோம்:
முப்பது நாளில் அரபி, தமிழ் வழியாக.
குரல் என்னுடையது.
நாடா மலிவு. அழிக்கிற மெஷின் அதைவிட மலிவு.

சித்ராவுக்குப் போகும் கம்பெனி வேனில்
போன வாரம் அதைக் கேட்டேன்.
கீழக்கரை டிரைவர், வந்து இரண்டு மாதம்,
யாரோ விட்டுப்போன கேசட்.
பிகம். என்ன விலை.
இஸ்மீ. என் பெயர்.
கேட்பவர் திரும்பச் சொல்ல
நான் விட்ட நாலு நொடி இடைவெளியில்
முற்றத்து மணலை யாரோ கூட்டுவதுபோல்
பிரஷ்.

டேப் தேஞ்சிருச்சுக்கா, ஒரே இரைச்சல் என்று
அவர் சத்தத்தைக் குறைக்கப் போனார்.

கூட்டுங்கள் என்றேன்.